சிவப்புத் துண்டு

சுமத்ராக் காற்று அடித்த இரண்டாம் நாளும்
கைத்தொலைபேசியின் மூலையில்
அந்த நான்கு கோடுகள் முளைக்கவில்லை.
ஆளாளுக்கு அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
தெலோக் பிளாங்கா குன்றுவரை போனார்கள்.
கடன் கேட்கப் போனவர்களின்
முகத்தோடு திரும்பினார்கள்.

ஒன்பதாம் மாடி இங் சியூ லான்
வானொலி உரிமம் வைத்திருப்பது
எங்களுக்குத் தெரியாது.
துணிக்கம்பு செருகும் குழாயிலிருந்து
கம்பி ஒன்று தொங்குகிறது,
பார்க்க நன்றாயில்லை என்று
நகர மன்றத்துக்குப் புகார் எழுதியவன்
நான்தான்.

இப்போது அந்தக் கம்பிதான்
புளோக்குக்கு வாய்.

பழைய கார் பேட்டரி ஒன்று.
"தீரும்வரை ஆளுக்குப் பத்துச் சொல்" என்றார்.
நான் படியேறி இறங்கிச் சீட்டு வாங்கினேன்.

ஆறாம் மாடி ரொக்காயா:
*நாளை ரத்தச் சுத்திகரிப்பு. மின்தூக்கி இல்லை. ஆள் அனுப்புங்கள்.*
ஏழே சொல். இன்னும் ஒன்றைத்
தன் கணக்கில் வைத்துக்கொண்டு
மீதி இரண்டைப் பரஞ்சோதிக்குக் கொடுத்தார்.

பரஞ்சோதியின் மனைவி
சண்டை போட்டுக்கொண்டு பாத்தாமுக்குப் போயிருந்தாள்.
பன்னிரண்டு சொல் கிடைத்தவர்
அரைமணி நேரம் பென்சிலைக் கடித்தார்.
*அரிசி இருக்கிறது. மீன்தொட்டியும் நலம். அன்று சொன்னதை மறந்துவிடு.
குடை எடுத்துப் போகவில்லையே நீ, நனையாதே.*

நான் மலாயில் சொல்லச் சொல்ல
சியூ லான் இரைச்சலுக்குள் அனுப்பினார்.
மலாயில் அது பதினேழாக நீண்டது.
அவர் எண்ணாததுபோல் இருந்துவிட்டார்.
கடலுக்கு அந்தப் பக்கம்
முகம் தெரியாத ஒருவர்
நனையாதே என்பதை மட்டும்
இருமுறை திருப்பிச் சொன்னார்,
சரிதானா என்று.

ஒன்பது மாடி ஏற முடியாதவர்களுக்கு
மூங்கில்.
வெள்ளைத் துணி என்றால் நலம்.
சிவப்புத் துண்டு என்றால் வா.
எதிர்ப் புளோக்கில் ஹாஃபிஸ்
மணிக்கொரு தரம் எண்ணுவான்.
இரவில் கைவிளக்கு, மூன்று முறை.
முதல் இரவே சிறுவர்கள் விளையாடி
அதைக் கெடுத்தார்கள்;
நான்கு என்று மாற்றினோம்.

மாலையில் குடிமைத் தற்காப்பு வீரர்கள் இருவர்
ரொக்காயாவை நாற்காலியோடு இறக்கினார்கள்.
ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது.

மூன்றாம் நாள் கோடுகள் திரும்பின.
கொட்டிய சில்லறைபோல்
எல்லாத் தொலைபேசியும் ஒன்றாய் ஒலித்தன.
நான் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு எழுதினேன்.
*உங்கள் கருத்தைப் பரிசீலிக்கிறோம்* என்று
உடனே பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு
பதினோராம் மாடி தேவசுந்தரியின் சன்னலில்
சிவப்புத் துண்டு.

தண்ணீர்ப் புட்டிகளோடு ஓடினோம்.
மின்தூக்கி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
யாருக்கும் நினைவில்லை.

ஈரத் தலையோடு கதவைத் திறந்து,
"துவைத்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

கடைசிப் படிகளில்
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்,
படிக்கு ஒருவராய்
நான்கு பேர்.