ஆறடிக்கு நாலடி

மூன்று மாதிரித் துண்டுகள் வந்தன கூரியரில்,
ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.
முதலாவது நீலம்.
"நீச்சல்குளம்" என்றாள் ஷெரின்,
மருந்துக்கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.
இரண்டாவதில் நுரை அதிகம்.
எங்கள் கப்பல்கள் தீக்குச்சி நீளம்;
அந்த அலைகளுக்கு நடுவே
சோப்புத்தண்ணீரில் விழுந்த எறும்பு மாதிரி ஆகிவிடும் ஒரு போர்க்கப்பல்.
மூன்றாவது சாம்பல், உள்ளே கொஞ்சம் பச்சை.
"ஈயச்சட்டி கழுவின தண்ணி" என்றேன் நான்.
"அதுதான் கடல்" என்றான் போஜன்.
கடலை அவன் பார்த்தது இரண்டே தடவை,
இரண்டும் அடுத்தவர் கல்யாணத்துக்குப் போன இடத்தில்.

பிறகு துணியா ரப்பரா என்று ஒரு வாரம் ஓடியது.
துணி மலிவு. மடித்துப் பையில் போடலாம்.
ஆனால் கோத்தகிரிக் குளிரில்
மடித்த கோடு போகவே போகாது:
இஸ்திரி போட்ட பிறகும்
நடுக்கடலில் ஒரு சிலுவை.
கப்பலை நகர்த்தினால்
கூடவே கடலும் நகர்ந்து வருகிறது.
பிளாஸ்டிக் என்றால் பளபளப்பு;
எந்தக் கட்சியிலும் சேராத நீர்மூழ்கியாய்
ட்யூப்லைட் நீளமாக மிதக்கும் அதில்.
ரப்பர் கனம், விலை என் ஒரு மாதப் பெட்ரோல்.
ஆனால் வழுக்காது,
பகடை விழுந்தாலும் கீழ்வீட்டுக்குக் கேட்காது.

அறுகோணக் கட்டம் அச்சடித்தது வேண்டும் என்றேன்,
தூரத்தை எண்ணிவிடலாம், சண்டை வராது.
"கடல்ல யாரு கோடு போட்டா?"
கேட்ட ஷெரினே பேச்சை நிறுத்திக்கொண்டாள்.
காலைச் செய்தியில் எட்டு மீனவர்கள்,
எல்லை தாண்டியதாக.
கட்டம் இல்லாததையே வாங்கினோம்,
ஆளுக்கொரு அளவுநாடா.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில்
என் மடிமேல் சுருண்டு வந்தது.
ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும்
பக்கத்து ஆள்மேல் சாய்ந்தது.
"என்ன சார், கார்ப்பெட்டா?" என்றார் கண்டக்டர்.
கடல் என்று சொல்ல வாய் வந்தது.
கார்ப்பெட்தான் என்றேன்.
லக்கேஜ் முப்பது ரூபாய்.

கடைசியில் ஆறடி நிலம்தான் மிச்சம் என்பார்கள்.
எங்களுக்கு ஆறடிக்கு நாலடி நீர்.
மேசையோ,
கூட்டுறவு வங்கி ஏலத்தில் கழித்த இரண்டைச் சேர்த்தது,
ஐந்தடி எட்டங்குலம்.
மிச்ச நாலங்குலம் தொங்கியது.
தொங்குவதன் கனம் மொத்தக் கடலையும் இழுக்க,
ஷெரினின் குரூசர் இரண்டு முறை தரையில்,
யாரும் சுடாமலே.

வெட்டத்தான் வேண்டும். யார் வெட்டுவது?
போஜனிடம் கவாத்துக் கத்தி இருந்தது,
கை வரவில்லை.

மார்க்கெட் படிக்கட்டில் புஷ்பராணி தையலகம்.
விரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார்,
சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கேட்டார்:
"எந்தப் பக்கம் கரை?"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
விதிப்புத்தகத்தில் கரை இல்லை.
"நான் ஏழு வயசுல
தலைமன்னார்ல ஏறி ராமேஸ்வரத்துல எறங்கினேன்.
ஒரே கூட்டம். பெரியவங்க இடுப்புக்கு நடுவுல நின்னேன்.
கடலப் பாக்கல. வாயில உப்புதான்."
சொல்லிக்கொண்டே கோடு இழுத்துவிட்டார்.
பெரிய கத்தரி, ஐந்தாறு கடி.
ஓரம் அடிக்கையில் இரண்டு ஊசி உடைந்தது.
சாம்பல் நூல் இல்லை;
யாருடைய சுடிதாருக்கோ வாங்கிய பச்சை.
நாற்பது ரூபாய், ஊசிக்குத் தனியாக இருபது.
"இந்தத் துண்டு வேணுமா?"
வேண்டாம் என்றோம்.

இப்போது அச்சாக உட்கார்ந்திருக்கிறது,
விளிம்பில் நிற்கும் கப்பல் விளிம்பிலேயே நிற்கிறது.
ரப்பர் வாசனைக்காக ஜன்னலைத் திறந்துவைத்தோம்.
நாலாம் சுற்றில் உள்ளே வந்தது மஞ்சு,
என் படையின் பாதி தெரியவில்லை.
சாத்தலாம் என்று எழுந்தேன்.
"பார்வை தூரம் ஒன்பது அங்குலம்" என்று அறிவித்தான் போஜன்,
"எல்லாருக்கும்தான், உக்காரு."

பால் வாங்க இறங்கிய வழியில் பார்த்தேன்.
சிமெண்ட் தரை சில்லிடும் தையலகத்தில்
நாலங்குலக் கடலை இரண்டாக மடித்து
மிஷினுக்கு அடியில் போட்டிருந்தார்,
செருப்பைக் கழற்றிவிட்டு
அதன்மேல் இரண்டு காலும்.