கையொப்பமில்லாத புதன்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால் எங்கள் மையம்.
தகரக் கூரையில் மழை விழுந்தால் குரல் கேட்காது,
விரலைக் காட்டித்தான் எண்ணுவோம்.

நான் உதவியாளர்.
அளக்கலாம், தாங்கிப் பிடிக்கலாம், குறிக்கலாம்.
திட்டத்தை மாற்றக் கூடாது.
மாற்ற வேண்டியவர் ஷைபா மேடம்,
நாகர்கோவிலிலிருந்து, பதினைந்து நாளுக்கொரு புதன்,
வேறு நாலு மையம் முடித்துக்கொண்டு.
என் மூத்த மகனைவிட மூன்று வயதுதான் கூடுதல்.
நான் எழுந்து நிற்பேன்.
"இரியுங்கக்கா" என்பார்.

செல்லத்தம்பிக்கு ஆடியிலிருந்து வலது கை வராது.
ரப்பர் வெட்டுக்காரர். விடியுமுன் முந்நூறு மரம்.
திட்டத்தில் இருப்பது:
துளைப் பலகை, பிளாஸ்டிக் முளை இருபது, இரண்டு தடவை.
"இது பிள்ளையளுக்குள்ளது கேட்டியளா.
எனக்க கத்திய தாருங்க."
கத்தி அவர் மனைவியின் பையில் இருந்தது,
செய்தித்தாள் சுற்றி, மரச்சீனிக் கிழங்குக்கு அடியில்.

போன் செய்தேன்.
மூன்று மணிக்கு ஒரு துண்டுக் குரல்:
"வந்து பார்த்துட்டு சொல்லுதேன், அதுவரை..."
அதுவரை என்ன என்பது அறுந்துபோயிற்று.

அதுவரை முளை.
பதினோராவது முளையில்
பெருவிரல் தானாக விலகியது.
நான் விலக்கவில்லை, என் கை பதிவேட்டின்மேல் இருந்தது.
அவருக்கே தெரியாது,
தெருவில் சாளை விற்கிறவனின் பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
'முன்னேற்றம்' என்று எழுத எனக்கு அனுமதியில்லை.
'கவனிக்கப்பட்டது' என்று எழுதினேன்.
யாரால் என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமில்லை.

மறுவாரம் வந்தார், சுடிதார் ஓரமெல்லாம் சேறு.
புதன் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.
"போட்டிருங்க மேடம். உங்க நாள்தானே,
ஆருக்குத் தெரியப்போவுது."
"அன்னைக்கு நான் திருவட்டாறு பாலத்துல நின்னேன்கா,
ரோட்டுல வெள்ளம்.
காணாததுக்கு எப்படிப் போட?"

பெருவிரலைக் காட்டச் சொன்னார்.
இருபது முளை. இரண்டு தடவை.
விரல் ஒட்டியே கிடந்தது, பிடிவாதமாக.
கடைசிக்கு முந்தின பஸ் போகும் சத்தம் கேட்டது.
என் காது சூடாகிவிட்டது.
அவர் என் எழுத்தை இன்னொருமுறை வாசித்தார்,
அந்த ஒற்றைச் சொல்லை.
பிறகு திட்டத்தில் எழுதினார்:
வெட்டுக்கத்தி, அலகில் தோல் சுற்றி,
பத்து நிமிடம்,
நேரடி மேற்பார்வையில் மட்டும்.

ஆக, பதினைந்து நாளில் பத்து நிமிடம் கத்தி.
மீதி முளை.
புதன் கட்டம் காலி;
அன்றைய படியில் நூற்றெண்பது பிடித்துக்கொண்டார்கள்.
கோபம் இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

செல்லத்தம்பி இப்போது உள்ளே வரும்போதே கேட்கிறார்,
"மேடம் என்னைக்கு?"
நான் சொல்வதற்குள் நாளை எண்ணத் தொடங்குகிறார்,
வலது கையில்.

மூன்றுக்கு மேல் மடங்கவில்லை.
குறித்து வைத்திருக்கிறேன்.