ஒதுக்கீடு

லூர்து லெயோன் இறந்த பதினேழாம் நாள்
அவர் உயில் என் மேஜைக்கு வந்தது.
இரண்டு பக்கம், பிரெஞ்சு, நடுங்கிய கை.
தமிழாக்கி முத்திரை வைக்க
பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்.
கீழே ஜெராக்ஸ் கடை, எட்டிப் பார்த்தால் அரசலாறு.
காரைக்காலில் இந்த வேலைக்கு
என்னையும் சேர்த்து மூன்று பேர்.

வீடும் தென்னந்தோப்பும் தையல்நாயகிக்கு
என்று எழுதியிருந்தார்.
பதினோரு வருடம்
அவருக்குச் சர்க்கரை ஊசி போட்டவள்.

பிள்ளைகள் மூவரும் பாரிசுக்குப் பக்கத்தில்.
அவர்கள் வக்கீலின் கடிதத்தில் ஒரு சட்டப்பிரிவு:
மூன்று பெற்றவன்
கால் பங்கைத்தான் இஷ்டத்துக்குத் தரலாம்.
முக்கால் பிள்ளைகளுடையது,
அப்பன் கோபித்தாலும்.

நம்மூர் வக்கீல் தஸ்தகீர் சிரித்தார்:
"இந்தியச் சட்டத்தில் வேதக்காரர்
சம்பாதித்ததை நாய்க்குட்டிக்கும் எழுதலாம்.
ஆனா சாட்சி ரெண்டு பேர் வேணுமே, எங்கே?"
சாட்சி இல்லை.
அங்கே தன் கையால் எழுதித் தேதி போட்டால் போதும்,
அதைத்தான் செய்திருக்கிறார் மனிதர்.

அந்தச் சட்டத்தில் தாள் செல்லும், சொல் முழுதும் செல்லாது.
இந்தச் சட்டத்தில் சொல் செல்லும், தாள் செல்லாது.

எந்தச் சட்டம் என்பதே முதல் வழக்கு.
பாட்டனார் ஒரு தாளில் ஒப்பமிட்டு
குலவழக்கைத் துறந்து லெயோன் ஆனவர்.
அப்பா இன்னொரு தாளில் பிரான்சைத் தேர்ந்தவர்.
ஆள் அந்த நாடு. மண் இந்த நாடு.
தென்னை எந்த நாடு என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.

தையல்நாயகி ஒருமுறை
அவரை ஆட்டோவில் ஓட்டுப்போடக் கூட்டிப்போயிருக்கிறாள்.
ஜனாதிபதியையே நேராகத் தேர்ந்தெடுப்பார்களாம்.
பதினைந்து நாள் கழித்து மறுபடியும் போனார்கள்.
"பொண்ணு பார்க்க ரெண்டு தடவையாய்யா?"
என்று கேட்டாளாம்.
பெயர்ச் சீட்டை உறையில் போட்டு வெளியே வந்தவரின்
விரலைப் புரட்டிப் பார்த்தாள்.
மை இல்லை.
"மை இல்லாத விரலை எப்படி நம்புறாங்க?"
அவளுடைய மை அடுத்த சட்டமன்றத் தேர்தலில்
இரண்டு மாதம் நகத்தில் இருந்தது.

கடிதத்தில் ஒரு சொல்லில் முட்டி நின்றேன்.
பிள்ளைகளுக்கென்று சட்டம் எடுத்து வைக்கிற அந்த முக்கால்.
ஒதுக்கீடு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

பெஞ்சில் இருந்தவள் நிமிர்ந்தாள்.
"ஒதுக்கீடுன்னா எங்களுக்குத்தானே?"
பிறகு அவளே,
"எங்களுக்கும் இல்லை" என்றாள்.
பொறையாற்றில் பிறந்தவள்,
நண்டலாற்றைத் தாண்டி வாழ்க்கைப்பட்டவள்.
மகனின் கல்லூரி மனுவில்
அந்தக் கரைச் சான்றிதழ் இந்தக் கரைக்கு ஆகாது
என்று திருப்பிவிட்டார்கள்.
"சாதி மட்டும் பஸ்ஸில கூடவே வந்துச்சு.
காகிதம்தான் பாலத்துல இறங்கிக்கிச்சு."

கோர்ட்டில் யார் கேள்வி கேட்பார்கள் என்றாள்.
பிரான்ஸ் என்றால் நீதிபதியே தேடுவார், கேட்பார்.
இங்கே வக்கீல் கேட்பார்,
எதிர்வக்கீல் குறுக்கே கேட்பார்,
நீதிபதி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ராத்திரி மூணு மணிக்கு
யார் எழுந்தான்னு எவர் கேப்பாரு?"

எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் தேடினேன்.

நாலரைக்குத் தண்ணீர் வரும், மோட்டார் போடணும் என்று
எழுந்து போனாள்.
லெயோன் வீட்டுச் சாவி
இன்னும் அவள் முந்தானை முடிச்சில்தான்.

ஒதுக்கீடு என்பதை அடித்து
கட்டாயப் பங்கு என்று எழுதினேன்.
உயிலையும் வரிக்கு வரி முடித்து
மூலத்துக்கு உண்மையானது என்ற முத்திரையை
ஊதி ஊதி வைத்தேன்.
மூலத்தில் ஓரிடத்தில் பேனா
தாளைக் குத்திக் கிழித்திருந்தது.
விதிப்படி அதையும் சொல்லியாக வேண்டும்.
அடிக்குறிப்பு ஒன்று:
தையல்நாயகி என்ற பெயருக்குக் கீழே
இரண்டு முறை கோடிடப்பட்டுள்ளது.
இவ்விடத்தில் தாள் கிழிந்துள்ளது.