மாசி வீதியில் சித்திரைத் தேர்

ஜனவரி, பூஜ்யம்.
பிப்ரவரி, ஒன்று.
தேதி மட்டும் ஒன்றிலிருந்து.
எவன்டா இதை யோசித்தான் என்று
மூன்றாம் மாடியில் நான் கத்தியபோது
கீழே எவர்சில்வர் கடையில்
ஒரு போணி உருண்டு உருண்டு நின்றது.

கல்யாண மண்டபப் பதிவு எங்கள் பிழைப்பு.
ஜாவாஸ்கிரிப்ட் எங்கள் அடுப்பு.
மாதத்தோடு ஒன்றைக் கூட்டி வைத்திருந்தான் குபேந்திரன்.
தெரியாமல் நானும் ஒன்று கூட்டினேன்.
ஆவணி முகூர்த்தம்
புரட்டாசியில் போய் உட்கார்ந்துகொண்டது.
புரட்டாசியில் எவன் தாலி கட்டுவான்?
பெண்ணின் தாய்மாமன் போனில் கேட்டதை
அப்படியே இங்கே எழுத முடியாது.

"பத்தே நாள்ல கட்டுன மொழியாம், பாவம்"
என்றான் குபேந்திரன்.
"பத்து நாள்ல கட்டுனா
பதினோராம் நாள் இடிச்சுக் கட்டணும்ல?"
சிக்கந்தர் ஹெட்போனைக் கழற்றினான்.
"இடிச்சா, குடி வந்தவய்ங்க எங்கிட்டுப் போவாய்ங்க?"

அதற்குள் அடுத்தது.
வாடகைப்படி வரிசையாக நில் என்றால்
ஒரு லட்சம், தொள்ளாயிரத்துக்கு முன்னால் நிற்கிறது.
எண்ணை எழுத்தாகப் படிக்கிறதாம்,
முதல் எழுத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடுகிறதாம்.
மலிவானது முதலில் என்று சொடுக்கிய யாரோ ஒருவர்
அவனியாபுரத்தில் மயங்கிக் கிடக்கலாம்.

சோதனைக்கு என் பெயரையே தட்டினேன்.
பாண்டீஸ்வரி. வயது முப்பத்து நான்கு.
கணவர் பெயர்
என்ற கட்டத்தில் விரல் நின்றது.
"சும்மா விடுறது வேற, இல்லைன்னு வைக்கிறது வேற,"
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிக்கந்தர்.
"ஒண்ணு, யாரும் இன்னும் தொடாத கட்டம்.
இன்னொண்ணு, நல்லாத் தெரிஞ்சே வச்ச இல்லை."
தெரிந்தே வைத்த இல்லையிடம்
நீ என்ன வகை என்று கேட்டால்
பொருள் என்கிறது மொழி.
பிழைதான். எல்லாருக்கும் தெரியும்.
திருத்தப் பார்த்தார்களாம்,
பழைய பக்கங்கள் பொலபொலவென்று உடைந்தனவாம்,
விட்டுவிட்டார்கள்.

குபேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நாலு வருஷமாக வீட்டில்
அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பருத்திப்பால் குடிக்க இறங்கினோம்.
மறுநாள் தேர்.
தெற்கு மாசி வீதியைக் கழுவிவிட்டிருந்தார்கள்.
ஏணி மேல் நின்று ஒருவர் வயரைத் தூக்கிக் கட்டினார்.
"பாரு," என்றான் சிக்கந்தர், வாயில் பாதி பாலோடு,
"சித்திரைத் தேரு. ஓடுறது மாசி வீதில.
சித்திரை வீதின்னே ஒண்ணு உள்ள கெடக்கு.
பேரை மாத்துங்கடான்னு ஒரு பய கேட்டானா?"
"கேட்டிருக்கணும்."
"கேட்டா போஸ்ட்மேன் ஒன்னைய அடிப்பாரு."
"அடிக்கட்டும். தப்பு தப்புதான்."
டம்ளரை வாங்கிக்கொண்ட அம்மா
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச்
சில்லறை இல்லை என்றார்.

மேலே வந்து
நான் கூட்டிய ஒன்றை அழித்தேன்.
அவன் கூட்டியதை விட்டுவைத்தேன்.
பக்கத்திலேயே ஒரு குறிப்பு:
இந்த ஒன்றைத் தொடாதே.
காரணம் வேண்டுமென்றால்
கீழே இறங்கி வீதிப் பலகையைப் படி.

வரிசையை இன்னும் சரிசெய்யவில்லை.
தொள்ளாயிரத்துக்கு முன்னால்
அந்த ஒரு லட்சம்
தேர் நிலைக்கு வரும்வரை நிற்கட்டும்.