இனாரி ஏரிக்கரை, ஜூலை

குளிர்பெட்டி மூடிமேல் தாளை விரித்து
கைசா எழுதியிருந்தாள்:
ஏழு மணி, கஞ்சி.
எட்டரை, பெர்ரி பறிக்க. கொசு மருந்து மறக்காதே.
பத்து, படகு. மிதவைச் சட்டையோடு.
ஒன்றிலிருந்து இரண்டரை, தூக்கம்.
தூக்கத்துக்கு அடியில் இரண்டு கோடு.

கூடாரத்து ஜிப்பை
ஏற்றினான், இறக்கினான் ஆர்த்து,
மூன்று வயதின் முழுக் கவனத்தோடு,
பத்தரை வரை.
வில்யா தன் வலது பூட்ஸில்
ஒரு தவளையைக் குடிவைத்துவிட்டு
இனி அதைப் போடமாட்டேன் என்றாள்.
கவிழ்த்த படகு கவிழ்ந்தபடியே.
கஞ்சிதான் மதியச் சாப்பாடும்.

'ஒன்பது மணி, நட்சத்திரம் பார்க்க'
என்ற வரியில் விரல் வைத்து
ரய்மோ சிரித்தான்.
போன செப்டம்பர்ப் பட்டியலை
அப்படியே பெயர்த்தெழுதியதில் வந்த வினை.
ஜூலையில் இங்கே இருட்டுக்கு எங்கே போவது?

பதினொன்றாகிறது.
வெயில் ஏரிமேல் சாய்ந்து படுத்திருக்கிறது,
அது மட்டும்தான் படுத்திருக்கிறது.
பிள்ளைகள் கல்லெறிந்து எண்ணுகிறார்கள்:
ஒன்று, இரண்டு, ஏழு, இரண்டு.

கைசா தாளைத் திருப்பி
'நாளை' என்று எழுதி
வெகுநேரம் பென்சிலைக் கடித்துவிட்டு
ஒரே வரி சேர்க்கிறாள்:
தவளையிடம் பூட்ஸைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.