பதினாலாம் பிளாக் பாலம்

சிரம்பான் ஆஸ்பத்திரியில்
இரண்டு படத்தையும் வெளிச்சப் பலகையில் மாட்டினார்கள்.
இடப்பக்கம் நான், வலப்பக்கம் அருளப்பன்.
கல்யாணப் படத்திலும் இதே வரிசைதான்,
அதிலும் நாங்கள் சிரிக்கவில்லை.

டாக்டர் லிம் பேனா முனையால் என்னைத் தொட்டார்.
இங்கே சுருங்கியிருக்கிறது, ஆன்ட்டி.
இந்த வெள்ளைப் புள்ளிகள் ரத்தக் குழாய் சமாச்சாரம்.
ஞாபகம் பதியும் மூலை இது, மெலிந்துவிட்டது,
எழுபத்திரண்டு வயதுக்கும் கொஞ்சம் அதிகமாகவே.
பிறகு அவரைத் தொட்டார்.
அங்கிளுடையதைப் பாருங்கள்,
அறுபது வயது மூளை.

அந்த நேரம் அறுபது வயது மூளை
கழிப்பறையிலிருந்து திரும்பி வரத் தெரியாமல்
எக்ஸ்ரே அறை வாசலில்
யாரோ ஒரு சீக்கியர் பக்கத்தில் உட்கார்ந்து
பகாவ் பஸ் எத்தனை மணிக்கு என்று
கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் பரீட்சை.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள்.
தொண்ணூற்று மூன்று எண்பத்தாறு எழுபத்தொன்பது
என்று இறங்கிப் போனவளை
போதும் ஆன்ட்டி என்று நிறுத்த வேண்டியதாயிற்று.
முப்பத்தொரு வருஷம்
பாமாயில் மில்லில் எடைமேடைக் கிராணி நான்.
லோரி மேடை ஏறும்போதே
வெற்று வண்டிப் பாரத்தைக் கழித்து வைத்திருப்பேன்,
டிரைவர் இறங்கி மழுப்புவதற்குள்.

தனியே வரமாட்டேன் என்று
என் நாற்காலியை ஒட்டியே அவரும்.
ஐந்து வார்த்தை சொன்னாள் அந்தப் பெண்,
பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டாள்.
ரயில். கத்தரிக்கோல். பாதிரியார். மஞ்சள்.
ஐந்தாவது வரவில்லை.
நாலே பெரிய விஷயம் என்றாள்.
அருளப்பன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை,
பென்சில் நல்ல பென்சில் என்றார்.

படம் பொய் சொல்லுதா டாக்டர் என்று கேட்டேன்.
பொய்யில்லை, ஆன்ட்டி.
ஆயிரம் பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்
சுருக்கமும் மறதியும் கூடவே நடக்கும்.
ஒரே ஒருவரை நிறுத்திக் கேட்டால்
படம் பாதிதான் பேசும்.

பஸ்ஸில் அவர் என் தோளில் தூங்கிப்போனார்.
கோலப்பிலா தாண்டியதும் மழை பிடித்தது.
இப்படி ஒரு மழையில்தான்
பதினாலாம் பிளாக் பாலம் ஆற்றோடு போனது.
ஆபீஸ் மேப்பில் துரை அந்தக் கோட்டைச் சிவப்பால் அடித்தார்,
இன்றைக்குப் பழம் வராது என்றார்.
சாயங்காலம் நாற்பத்திரண்டு லோரி வந்தது.
ஆ கோங் காய்கறித் தோட்டத்தைச் சுற்றி,
சுடுகாட்டு மண்பாதையில் சக்கரம் புதைந்து,
தண்டவாள ஓரமாக.
யாரும் உத்தரவு போடவில்லை.
பழம் அழுகிவிடுமே என்று வந்தது, அவ்வளவுதான்.

எனக்குள் அப்படித்தான் ஏதோ சுற்றி வருகிறது போல.
அவருக்கு ஒரு பாலமும் விழவில்லை,
தார்கூடப் பெயரவில்லை.
லோரியைத்தான் காணோம்.

இது என் மனசுக்கு நானே போட்டுக்கொள்ளும் கணக்காகவும் இருக்கலாம்.
சுடுகாட்டுப் பாதையும் எத்தனை மழை தாங்கும்?

ராத்திரி வீட்டில்
கூரைத் தகர வாய்க்கால் நிரம்பி வழிந்தது.
ஜன்னல் அருகே நின்றவர்
ஏணி என்றார்.

தட்டு கழுவிய கை தண்ணீரிலேயே நின்றது.

போன கிறிஸ்துமஸில், விடிகாலை இரண்டு மணிக்கு,
நட்சத்திரம் கட்டுகிறேன் என்று கூரை ஏறினார்.
மறுநாளே ஏணியை வேலிக்கு மேலாகத் தூக்கி
பாக் மாயில் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.
அவரிடம் சொல்லவில்லை.
அந்த வார்த்தையைக்கூட
வீட்டில் நான் சொல்வதில்லை.

ஏணி எங்கே என்றார் மறுபடி.
அது வாய்க்காலுக்கா, காலைப் பரீட்சைக்கா,
நான் கேட்கவில்லை.
நாளைக்கு என்றேன், மழை விடட்டும்.
சரி என்று தலையாட்டி
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
ஆஸ்பத்திரிப் பென்சில்
உள்ளேதான் இருந்தது.