பென்சில் குறி

என் சீட்டின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
மருந்தாளுநர் கவுஸ் மொய்தீன் போட்டது.
ஏற்காட்டில் எனக்கு அது ஒன்பதாம் நாள்.
சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களைப்
பனி விழுங்கிக்கொண்டிருந்தது.
வரிசையில் நாற்பது பேர், நாற்பது இருமல்.

"எழுதினதைக் கொடுங்க" என்றேன்.
கொடுக்கவில்லை.
வாதாடவும் இல்லை.
"குழந்தை எட்டுக் கிலோ, டாக்டர்" என்றார்
சீட்டைப் பார்த்தபடி.

இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில்
ஒரு புள்ளி இருந்திருக்க வேண்டும்.

நான் திருத்தியதும்
தன் குறியை ரப்பரால் அழித்தார்.
பெருந்தன்மை என்று தோன்றவில்லை எனக்கு,
வட்டி கேட்காத கடன் போல உறுத்தியது.
ஒரு வாரம்
நல்ல கையெழுத்தில் கோபப்பட்டேன்.

காப்பி பூத்த நாட்களில்
மின்சாரம் போன ஒரு மாலை.
பிரசவ வலியோடு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு
ஆம்புலன்ஸ் சேலத்துக்கு இறங்கியிருந்தது.
கவுஸ் என் அறை வாசலில் வந்து நின்றார்.
"நாகலூர் சடைச்சிக்கு
மாத்திரை மாத்திக் கொடுத்துட்டேன்.
ரெண்டு அட்டையும் ஒரே பச்சை.
பார்க்காம எடுத்தது நான்தான்."

யாரும் கேட்கவில்லை அவரை.
சொல்லாவிட்டால்
இந்த மலையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

என்ன ஆகும், எத்தனை மணிக்குள் ஆகும் என்று
நான் கணக்குப் போடுவதற்குள்
சிஸ்டர் பிலோமினா செருப்பை மாட்டியிருந்தார்.
வீடு அவருக்குத்தான் தெரியும்:
மிளகுக்கொடி ஏறிய பலாவுக்குப் பின்னால்,
ஜீப் போகாத கடைசி அரைக் கிலோமீட்டர்.
மூவரும் ஒரே டார்ச்சில் நடந்தோம்.

சடைச்சி அட்டையைப் பிரிக்கவே இல்லை.
"போன தடவை நீட்டமா இருந்துச்சு,
இது உருண்டையா இருக்கு.
சிஸ்டர் வரட்டும்னு வெச்சிருந்தேன்."

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை.
வளைவுக்கு வளைவு குப்பண்ணன் ஹார்ன் அடித்தார்.
கவுஸின் கை
மடியிலிருந்த பச்சை அட்டையை
மடக்கி, நிமிர்த்தி, மடக்கிக்கொண்டிருந்தது.
அன்றைய புள்ளியைப் பற்றி
ஏதாவது சொல்ல நினைத்தேன்.
நாக்கு வரை வந்து நின்றுவிட்டது.

மறுநாள் காலை
சிறுநீரகம் பழுதான ஒரு கிழவருக்குச் சீட்டு எழுதி,
பிலோமினாவிடம் பென்சில் வாங்கி,
அளவுக்குப் பக்கத்தில்
நானே ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன்.
மரியாதைக்காக இல்லை.
எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பதில் வர நேரமாயிற்று.
எட்டிப் பார்த்தேன்:
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.